அந்த அம்மா யார் வீட்டு ஆள்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால், தேத்தண்ணீர் ஊற்றும் சாக்கில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். ஹட்டனில் நான் வேலை செய்கிற துணிக்கடையில் என்னை வைத்துக்கொண்டு யாரும் இந்தக் கதைகளைப் பேசமாட்டார்கள், நடுவில் கேள்வி கேட்டுக் கெடுத்துவிடுவேன் என்று பயம். அதனால் நீங்கள் என்னை எப்படிப் பார்க்கப் போகிறீர்கள் என்று எனக்கே தெரியும். பாருங்கள், பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எங்கள் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், எங்கள் வீடும் சன்னாசி மாமா வீடும் அடுத்தடுத்து. நடுவில் ஒரே சுவர். அவர்கள் தாளித்தால் எங்களுக்குத் தும்மல் வரும், ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவர்கள் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து எங்கள் அப்பாவின் லீக்ஸ் பாத்தியை மேய்ந்துவிட்டது, அப்பா மாட்டை விட்டுவிட்டு மாமாவைத் திட்டினார், அவ்வளவுதான், வருஷக்கணக்காக இரண்டு வீடும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தது.

புயல் வந்த சமயம் இரண்டு வீட்டிலும் கால் வைக்க இடமில்லை. மாமாவின் மகள் பெரியபிள்ளையாகி, சடங்குக்கு மஸ்கெலியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் மழையில் மாட்டிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் என் தம்பி மனைவி கௌரிக்குப் பிள்ளை பிறந்திருந்தது, பார்க்க அக்கரப்பத்தனையிலிருந்து ஒரு பட்டாளம், லீவு போட்டு நானும். குறைமாதப் பிள்ளை, கையில் எடுத்தால் பூனைக்குட்டி கனம்கூட இல்லை. நெஞ்சில் சளி, குளிர் பட்டால் தாங்காது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். பிள்ளை பெற்ற துடக்கு, தீட்டு, கழியாததால் வெளியாள் கை படவும் வீட்டில் விடமாட்டார்கள்.

அன்றைக்குக் காலையிலேயே லயத்தில் மற்றவர்களெல்லாம் மண்சரிவுக்குப் பயந்து பள்ளிக்கூடத்தில் தங்கப் போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை. ஏன் என்று கேளுங்கள். சன்னாசி முதலில் போகட்டும், பயந்து ஓடினான் என்று நாளைக்குச் சொல்லலாம் என்று அப்பா உட்கார்ந்திருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவும் அதையே நினைத்து உட்கார்ந்திருந்தாராம். இப்படியும் மனிதர்கள் இருப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம், எங்கள் லயத்தில் இருந்தார்கள்.

பின்னேரம் கிராம சேவகர் தம்பிக்கு போன் பண்ணி, மேலே மலையில் வெடிப்பு விட்டிருக்கிறது, "இக்மனட்ட, இக்மனட்ட" என்று சிங்களத்தில் அவசரப்படுத்தினார். பேசி முடிப்பதற்குள் சிக்னல் போய்விட்டது. அதற்குப் பிறகு யாருக்கும் வீறாப்பு இல்லை. இரண்டு கதவும் ஒன்றாகத் திறந்து இரண்டு கூட்டமும் வாசலில் முட்டிக்கொண்டு நின்றது, மழையும் பனிமூட்டமும் சேர்ந்து பகலிலேயே இருட்டிக் கிடந்தது.

பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் எப்போதும் போவது கீழ் ரோட்டில்தான். அதில் இறங்கத் திரும்பினோம். அப்போது தேயிலைப் பக்கம் ஏறுகிற படியில் ஒரு அம்மா நின்றுகொண்டு கையை ஆட்டினார். அந்தக் காலத்துக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருந்தார். இப்போது மழைக்கு எல்லோரும் ரப்பர் சீட்தான், கம்பளியை யார் போடுகிறார்கள் என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடியது, அவ்வளவுதான்.

"கீழ எறங்காதீங்க. இப்புடி மேல வாங்க" என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார், ஆனால் அந்த மழையிலும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மாமா வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் என்று நான் நினைத்தேன். மாமா ஆட்கள் உடனே அந்தப் பக்கம் திரும்பினார்கள், அதனால் அந்த நினைப்பு உறுதியாகிவிட்டது. அப்பாவுக்குச் சன்னாசியை முன்னால் விட மனமில்லை. "நம்மளும் அப்புடியே போவோம்" என்று வேகமாக ஏறினார்.

தேயிலைக்கு நடுவில் ஏறிச் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற அந்த வழியில் பெரிய கான் ஒன்று குறுக்கே வரும். வெறும் மழைத்தண்ணீர் ஓடுகிற கான்தான், அன்றைக்கு இடுப்பளவு சேற்றுத் தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. மாமாவின் மகன்கள் முதலில் இறங்கிக் கையைக் கோத்துக்கொண்டார்கள், பிறகு என் தம்பி இறங்கினான், அந்தப் பக்கம் ஆள் போதவில்லை என்று மாமா கையை நீட்டினார், அப்பா ஒரு நிமிஷம் அந்தக் கையையே பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மழையிலும் அழுதேன்.

கௌரியால் முடியவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தாள், வழுக்கி விழுந்தால் பிள்ளை போய்விடும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கூடவே வந்த கம்பளிக்கார அம்மா கையை நீட்டினார். வெளியாள் ஆயிற்றே என்று எனக்கு வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் பிள்ளையைக் கம்பளிக்குள் வாங்கிக்கொண்டு யார் கையையும் பிடிக்காமல் கானைத் தாண்டிப் போனார். பிள்ளை ஒரு சிணுங்கல்கூட இல்லை.

கௌரியையும் நாங்கள் கைப்பிடித்து அக்கரை சேர்த்ததும், "ஓட்டமா கொண்டுபோய் உள்ள வெக்கிறேன், நீ பின்னால வா" என்று கௌரியிடம் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார், கௌரி பின்னாலேயே ஓடினாள். நாங்கள் மற்றவர்களையெல்லாம் கரையேற்றிவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, பள்ளிக்கூட மண்டபத்தில் பிள்ளை கௌரி மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. நான்தான் துணியைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடுப்படியில் காய்ந்த துணி மாதிரி கதகதப்பாக இருந்தது.

அன்றைக்கு எங்களுக்குள் இருந்த சண்டை எங்கே போனது என்று தெரியவில்லை. மாமி பாக்கியம் சடங்குக்கு எடுத்த புதுச்சேலையைப் பையிலிருந்து பிரித்துக் கௌரிக்கு உடுத்திவிட்டார். ஒரே சட்டியில் சோறு பொங்கி இரண்டு வீட்டுப் பிள்ளைகளையும் ஒன்றாக உட்காரவைத்தோம். அப்பா வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஒங்க மாடு வந்து சேந்துச்சா சன்னாசி?" என்றார். "அவுத்து விட்டுட்டேன் மச்சான். இனி ஊர் லீக்ஸ் பூரா அதுக்குத்தான்" என்றார் அவர். மண்டபமே சிரித்தது.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் மாமி என்னிடம், "ஏன்டி, ஒங்க ஊட்டுக் கம்பளிக்காரம்மா எங்க? ஒரு வாய் தேத்தண்ணி குடுக்கணும்ல" என்றார்.

"எங்க ஊட்டு ஆளா? ஒங்க மஸ்கெலியாச் சொந்தம்னுல்ல மாமி நாங்க நெனச்சோம்."

"ஐயோ, எங்க ஆளுன்னா எனக்குத் தெரியாதா? ஒங்களத்தான் கூப்புடுறாங்க, நாம முந்திருவோம்னுதான் நாங்க திரும்புனோம். பச்சப்புள்ளய வேற வாங்கவும் ஒங்க ரத்த சொந்தமேதான்னு நெனச்சோம்."

கேட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். பேச்சில்லாத வீட்டு ஆளை யார் என்று யார் கேட்பார்கள்? தோட்டத்தின் பக்கத்து டிவிசன் ஆளாக இருக்கும் என்று நான்தான் எல்லோருக்கும் தைரியம் சொன்னேன். மழை விட்ட பிறகு ஒவ்வொரு லயமாகப் போய்க் கேட்டதும் நான்தான். அப்படி ஒருவரை யாருக்கும் தெரியவில்லை. கீழ் ரோடு அன்றைக்கே சரிந்திருந்தது, எங்கள் லயத்தில் மேல் பக்கத்துப் பாதி மண்ணுக்குள் போய், கூரைகூடத் தெரியவில்லை. அங்கே ஒரு உயிரும் போகவில்லை, ஏனென்றால் கடைசியாக வெளியேறியவர்கள் நாங்கள்தான்.

இவ்வளவுக்கும் நான் ஏதாவது ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன். யாரோ வழிப்போக்கர், நல்ல மனசுக்காரர், பெயர் சொல்லாமல் போய்விட்டார். இன்னொன்றுக்குத்தான் என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் தற்காலிக வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்து வீடுதான் வேண்டும் என்று மாமியும் அடம்பிடித்து வாங்கி வந்த பிறகு, ஒருநாள் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டே கௌரி கேட்டாள்.

"அண்ணி, அன்னைக்கி அந்தம்மா மண்டபத்துக்குள்ள வந்து உக்காரவே இல்ல. புள்ளய என் மடியில போட்டாங்க. ஒக்காருங்கம்மான்னேன். 'இன்னும் கீழ ஆளுங்க இருக்காங்க, போய்க் கூட்டிட்டு வந்துர்றேன்'னுட்டு எறங்கிட்டாங்க. பின்னால நீங்கல்லாம் வந்துட்டிருந்தீங்களா, ஒங்களத்தான் சொல்றாங்கன்னு இருந்துட்டேன்."

கீழ் ரோடு சரிந்த பிறகு மண்டபத்துக்கு நாங்கள் ஏறி வந்த பாதை ஒன்றுதான், வேறு வழி கிடையாது. எங்களைக் கூட்டிவர இறங்கியிருந்தால் எதிரில் வந்திருக்க வேண்டும், யாரும் வரவில்லை. அதைக்கூட விடுங்கள். எங்களுக்குப் பிறகு கீழே யாருமே இல்லை. அந்த அம்மா யாரைக் கூட்டிக்கொண்டு வரப் போனார்?