அறுபது நிமிடக்காரர்

சட்டைப்பையில் கைப்பேசி அடித்துக்கொண்டே இருக்கும். பள்ளியின் பராமரிப்புப் பணியாளர் வெர்லின் ஆஸ்ட்பி அதைத் தொட மாட்டார். பள்ளி அலுவலகத்தின் மேஜைத் தொலைபேசியை நல்ல காதில் வைத்துக்கொண்டு, "மூணு... நாலு..." என்று எண்ணியபடி நிற்பார். கைப்பேசியைக் கூப்பிடுவது வேறு யாரும் இல்லை, அவரேதான். ஐந்தாவது மணியோடு அது ஓயும். பிறகு அவருடைய குரலே அவருக்குப் பதில் சொல்லும்: "ஆஸ்ட்பி. இப்ப எடுக்க மாட்டேன்." வெளியே போயிருக்கிறேன் என்று பதிவு செய்திருக்கலாம், பொய் சொல்ல அவருக்கு வராது. அந்தக் குரல் முடிவதற்குள் நட்சத்திரப் பொத்தானை அமுக்கி, தனக்கு வந்த குரல்செய்திகளைக் கேட்க ரகசிய எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அழுத்துவார். ஏழு, ஒன்று, ஒன்று, நான்கு. அந்த ரகசியம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் தெரியும்.

மஞ்சள் பஸ்கள் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனபின், தினமும் மூன்று மணிக்கு இது நடக்கும். மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பவள் லவோன், அந்தப் பள்ளியின் செயலர்.

"உங்களுக்கு நீங்களே போன் பண்ணிக்கிற ஒரே ஆளு இந்த மினசோட்டா மாநிலத்துலயே நீங்கதான் வெர்லின்."

"ஆனா காசில்லாம பேசறேன் பாத்தீங்களா?"

நிமிடங்களை அளந்து விற்ற காலம் அது. கைப்பேசியில் நாம் கூப்பிட்டாலும் நிமிடம் போகும், வந்த அழைப்பை எடுத்தாலும் போகும், வாய்ஸ்மெயிலில் பதிவான செய்தியைக் கேட்டாலும் போகும். வெர்லின் வாங்கியிருந்தது இருப்பதிலேயே சின்னத் திட்டம், மாதத்துக்கு அறுபது நிமிடம். வேறு தொலைபேசியிலிருந்து கேட்டால் ஒரு நிமிடமும் குறையாது என்று கண்டுபிடித்த அன்று, உணவுக்கூடத்திலிருந்து இரண்டு சாக்லேட் பால் கொண்டுவந்து ஒன்றை லவோனுக்குக் கொடுத்தார். இருபது வருடத்தில் அவர் யாருக்கும் எதுவும் வாங்கிக் கொடுத்து அவள் பார்த்ததில்லை. அதுவும் மதியம் மிஞ்சியதுதான்.

அறுபத்தொரு வயது. நெட்டையான உடம்பு, இடுப்பில் நாற்பது சாவிகள். கொதிகலன் அறையில் முப்பது வருடம் நின்றதில் இடது காது போய்விட்டது. குளிர்காலத்தில் விடியுமுன்னே வந்து வாசல் பனியைத் தள்ளி உப்புத் தூவுவார். கையில் எப்போதும் இழுத்தால் விரியும் உலோகப் பட்டை போட்ட பழைய கடிகாரம். தவிர்க்கவே முடியாமல் அந்த மடக்குக் கைப்பேசியில் பேச நேர்ந்தால், மணிக்கட்டை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொள்வார். ஐம்பதாவது விநாடியில் "சரி, வைக்கிறேன்" என்று மூடிவிடுவார், எதிர்முனையில் இருப்பவர் எந்தச் சொல்லில் இருந்தாலும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஒரு விநாடி கூடினாலும் இரண்டு நிமிடமாக எழுதிவிடுவார்களாம். "அம்பத்தொம்பதை நம்பக் கூடாது லவோன். அது நம்மளக் கவுத்துடும்."

ஒருமுறை அவரைக் கவிழ்த்தது வேறொன்று. ஏதோ நினைவில், சட்டைப்பையில் அடித்த கைப்பேசியைத் திறந்து மறு காதில் வைத்து "ஹலோ" என்றுவிட்டார். மேஜைத் தொலைபேசியிலும் யாரோ "ஹலோ" என்றார்கள். "யாரு பேசறது?" என்று அதட்டினார். அங்கேயும் அதே அதட்டல். லவோன் சிரித்துச் சிரித்து மேஜையில் தலையைச் சாய்த்துவிட்டாள். போன ஒரு நிமிடத்துக்காக அந்த வாரம் முழுக்க அவர் முகம் வாடியே இருந்தது.

அந்தக் கைப்பேசியை வாங்கி அனுப்பியவள் மகள் ஜனெல். அவள் தூரத்து ஃபீனிக்ஸ் நகரத்தில், வெயிலில் இருக்கிறாள். மனைவி ஆர்டிஸ் இறந்த மாதமே வெர்லின் சமையலறைச் சுவரில் இருந்த தொலைபேசியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். வருகிற அழைப்பெல்லாம் ஆர்டிஸுக்குத்தான் என்றார். அடுத்த குளிர்காலத்தில் அவர் பனியில் வழுக்கி விழுந்து, கூப்பிடுவதற்கு வீட்டில் ஒன்றும் இல்லாமல், பக்கத்து வீடுவரை தவழ்ந்து போனது ஜனெலுக்குத் தெரிந்தது. மறுவாரமே பார்சல் வந்தது.

அன்றிலிருந்து ஜனெல் கூப்பிடுவாள். வெர்லின் எடுக்க மாட்டார். மூன்று மணிக்கு லவோனின் மேஜையருகில் நின்று கேட்பார். காது மந்தமென்று ஒலியை முழுசாக வைத்திருப்பதால் லவோனுக்கும் எல்லாம் கேட்கும். கேட்காததுபோல் அவள் தபால்களை அடுக்குவாள். அப்பா, புது வேலை கிடைச்சுது. அப்பா, காலுக்கு எப்படி இருக்கு. ஒவ்வொன்றையும் அவர் இரண்டு தரம் கேட்பார். ஞாயிற்றுக்கிழமை ஒரு தபாலட்டையில் பதில் போகும். அட்டையை லவோன்தான் தபாலில் சேர்ப்பாள் என்பதால் வாசகமும் தெரியும்: "மைனஸ் இருபது. வண்டி கிளம்பியது. கால் பரவாயில்லை. அப்பா." அந்தக் குளிரில் வண்டி கிளம்புவதே ஒரு செய்திதான்.

லவோனுக்குப் பொறுக்கவில்லை. "சனி ஞாயிறு எவ்வளவு பேசினாலும் கணக்கில்லைன்னு உங்க திட்டத்துலயே போட்டிருக்கே?"

"சனி ஞாயிறு உறைஞ்ச ஏரியில மீன் பிடிக்கப் போயிடுவேன். பனியில போட்ட ஓட்டைக்குள்ள போன் விழுந்துட்டா?"

"ராத்திரி ஒம்பதுக்கு மேலயும் இலவசம்தான்."

"ஒம்பதுக்கு மேல யாரு முழிச்சிருப்பா? ஆந்தை."

"போன மாசம் எத்தனை நிமிஷம் செலவு பண்ணீங்க?"

"மூணு."

"மிச்சம் அம்பத்தேழும் மாசக் கடைசியில வீணாத்தானே போச்சு! யாருக்குச் சேத்து வைக்கிறீங்க?"

"அவசரத்துக்கு" என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். சிக்கனம் இல்லை இது, வேறு ஏதோ என்று அன்றுதான் அவளுக்குப் பட்டது.

பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை அந்தச் செய்தி வந்தது.

"அப்பா, ஜனெல். நாளைக்கு மூணு மணிக்கு நானே கூப்பிடறேன். நல்ல விஷயம்தான், பயப்படாதீங்க. ஆனா இதை மெஷின்கிட்ட சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷமா மெஷின்கிட்டதான் பேசிட்டிருக்கேன். நாளைக்கும் நீங்க எடுக்கலைன்னா... இனிமே தொந்தரவு பண்ணல. நானும் அட்டை போடறேன்."

வெர்லின் இரண்டு தரம் அல்ல, நான்கு தரம் கேட்டார். வைத்தபின்னும் நகரவில்லை.

"எடுப்பீங்கல்ல?" என்றாள் லவோன்.

அவர் சாவிக்கொத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "முன்னாடி வீட்டுல போன் அடிச்சா நான் எடுத்து 'இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்'னு குடுத்துடுவேன். ஜனெல் காலேஜ் போன நாள்லேர்ந்து போன்ல அவகிட்ட நான் பேசினது அவ்வளவுதான். ஆர்டிஸ் பேசுவா, நான் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருப்பேன். நல்லா இருக்கும். இப்ப எடுத்தா... அதுக்கப்புறம் என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியாது லவோன்."

அவளுக்குக் கண் கரித்தது. கேலி செய்துதான் அதைச் சமாளித்தாள். "வண்டி கிளம்புச்சான்னு சொல்லுங்க. அட்டையில எழுதறீங்கல்ல?"

இப்போது நிமிடங்களை யாரும் எண்ணுவதில்லை. லவோனும் ஓய்வு பெற்றுவிட்டாள். பேத்தியின் கைப்பேசி நாள் முழுக்க ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிடத்துக்கு ஒரு மனிதர் அவ்வளவு மரியாதை கொடுத்ததை நினைத்தால் அவளுக்கு அந்த அலுவலகத்தின் உப்பும் ஈரக் காலுறையும் கலந்த வாசனைகூட ஏக்கமாக இருக்கிறது. அந்த வியாழக்கிழமையைத்தான் அவள் அடிக்கடி சொல்வாள்.

அன்று வெர்லின் இரண்டு ஐம்பத்தைந்துக்கே வந்துவிட்டார். தலைமுடியை நனைத்து வாரியிருந்தார், போனில் ஏதோ தெரியப்போவதுபோல. நின்ற இரண்டாவது நிமிடமே கை பழக்கத்தில் மேஜைத் தொலைபேசிக்குப் போனது. லவோன் அதன்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீங்களே உங்களைக் கூப்பிட்டா அவளுக்கு லைன் எப்படிக் கெடைக்கும்? உங்க போனை வெளிய எடுத்து வைங்க."

மூன்று மணிக்குக் கைப்பேசி அடித்தது. ஒன்று. இரண்டு. அவர் உதடுகள் எண்ணின. மூன்று. நான்கு.

"வெர்லின்!"

திறந்துவிட்டார். "ஜனெல்? இரு, அம்மாகிட்ட..." என்று ஆரம்பித்து, மேஜைக்கு மேலாக அதை லவோனிடம் நீட்டிவிட்டார். நீட்டிய கை அங்கேயே நின்றது. தான் சொன்னது அவருக்கே அப்போதுதான் கேட்டது. லவோன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். இருவருக்கும் நடுவில் அந்தச் சின்னக் கருவி "அப்பா? அப்பா?" என்றது.

மெதுவாக அதை நல்ல காதுக்குக் கொண்டுபோனார்.

"இங்கதான் இருக்கேன்" என்றார். "அம்மாகிட்ட குடுக்க முடியாது. நான்தான் இருக்கேன்." பிறகு, "வண்டி கிளம்புச்சு" என்றார். அந்தப் பக்கம் சிரிப்பது லவோனுக்குக் கேட்டது. அழுகையும் கொஞ்சம் கலந்திருந்தது.

பழக்கம் விடவில்லை. இடது மணிக்கட்டு மூக்குக்கு நேரே எழும்பியது. விநாடி முள் நாற்பதைத் தாண்டியது, நாற்பத்தைந்தைத் தாண்டியது. ஐம்பது.

"இல்ல, இல்ல, வைக்கல" என்றார் வெர்லின். "நிமிஷம் நெறைய இருக்கு. நீ சொல்லு."

சொல்லிவிட்டு, கடிகாரம் கட்டிய அந்தக் கையை மேஜைக்கு மேலாக லவோனிடம் நீட்டினார். அவள் பட்டையை விரித்துக் கழற்றும்வரை அசைக்காமல் வைத்திருந்தார்.