ரெகே பாடகர்களைத் தரம் பிரித்த கதை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் இரண்டு வருஷத்தில் மூன்று ஹெட்செட் வாங்கினேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த நாள் முதல் பழைய சினிமாப் பாட்டு கேட்காமல் பஸ் ஏறியதில்லை. இந்த இரண்டு வருஷமாக அந்தப் பாட்டுகளில் பாடுகிறவர்கள் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருந்தது. சொற்கள் வழுக்கிப் போயின. ஹெட்செட் மட்டம், போன் மட்டம், இப்போதெல்லாம் எவன் ஒழுங்காகப் பாட்டு ஏற்றுகிறான் என்று எல்லாரையும் திட்டினேன். என் காதை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லத் தைரியம் இல்லை என்பதுதான் உண்மை. நல்லூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் நான் பிட்டர். நூலைத் துணியாகப் பின்னுகிற வட்ட மெஷின்களைப் பழுதில்லாமல் ஓட வைப்பது என் வேலை. ஒரு மெஷினுக்குள் ஆயிரக்கணக்கில் ஊசிகள் இருக்கும். அதில் ஒன்று உடைந்தாலும் துணியில் நெட்டுக்கு ஒரு கோடு விழும். உடனே நிறுத்தாவிட்டால் ரோல் முழுக்க விழும். ஊசி உடைந்ததைக் காட்டுகிற விளக்கு எங்கள் பழைய மெஷின்களில் எப்போதோ செத்துப்போனது. பத்து மெஷின் இரைச்சலுக்கு நடுவே 'டிக் டிக்' என்று சின்னதாக ஒரு சத்தம் வரும். அது கேட்டால்தான் பிட்டர். கேட்காதவனுக்கு அங்கே வேலை இல்லை.

இந்த நேரத்தில்தான் சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டை போட்ட துணிக்கு ஓர் ஆர்டர் வந்தது. வெளிநாட்டில் ஏதோ பாட்டுத் திருவிழாவாம். அங்கே விற்கிற பனியனுக்கு. பட்டையின் அகலம் சரியா என்று பார்க்க, வேலம்பாளையத்துக் கம்பெனியில் ஆர்டரைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் பெண் வந்திருந்தாள். ஆபீஸ் அறையில் ஸ்கேலை வைத்து அவள் அளந்துகொண்டிருக்க, மேஜைமேல் அவள் போனோடு இணைத்த ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. ட்ரம் எங்கே விழுகிறது, எங்கே வேண்டுமென்றே விழாமல் விடுகிறது என்பதுவரை தெளிவாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பாட்டு முழுசாகக் கேட்கிறது என்று நினைத்தேன். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

"என்ன பாட்டும்மா இது?"

"ரெகேங்ணா. ஜமைக்கா நாட்டுப் பாட்டுங்க. துணி வாங்குற பையர் அனுப்பியிருக்காங்க, டிசைன் எதுக்குன்னு புரிஞ்சுக்கச் சொல்லி. ஏனுங்ணா, உங்களுக்குப் புடிச்சிருக்குதுங்களா?"

"இதுல நல்லா பாடுறவங்க பேரு நாலஞ்சு எழுதித் தாம்மா."

ஆர்டர் சீட்டின் பின்பக்கத்தில் ஏழு பேரின் பெயரை எழுதிக் கொடுத்தாள். அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு ஒருவர் என்று பஸ்ஸில் கேட்க ஆரம்பித்தேன். சும்மா கேட்கிற ஆள் இல்லை நான். துணியைத் தரம் பிரிக்கிற புத்தி பாட்டிலும் வந்தது.

பாடுகிறாரா பிரசங்கம் பண்ணுகிறாரா என்று தெரியாத கட்டைக் குரல்காரர் ஒருவர். அவசரமே படமாட்டார். அவருக்கு முதல் தரம். மூன்று பேராகச் சேர்ந்து பாடுகிறவர்களைக் கேட்டபோது எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் நிற்கிற கனத்த ஆண்குரல்கள் நினைவுக்கு வந்தன. அவர்களுக்கும் முதல் தரம். வேகமாகக் கத்துகிற ஒருவருக்கு இரண்டாம் தரம்தான் கொடுத்தேன். எல்லாரையும்விட எனக்குப் பிடித்தவருடைய பாட்டுகளில் குரலே கிடையாது. பேஸும் ட்ரம்மும் எதிரொலியும்தான். மெர்ச்சண்டைசர் பெண் அடுத்த முறை வந்தபோது அவளிடம் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அது, பாட்டுல இருந்து கொரல எடுத்துப்போட்டு மியூசிக்க மட்டும் வெச்சதுங்ணா."

"அதனாலதான் நல்லாருக்கு" என்றேன்.

பட்டியலில் கடைசியாக இருந்தவள் ஒரு பாடகி. இரண்டு பாட்டு கேட்டேன். மியூசிக் தன் பாட்டுக்குப் போகிறது, பாடுகிறவளைக் காணோம். இவளை யார் பாடகி என்று சொன்னது? பெயரின் மேல் பெருக்கல் குறி போட்டுக் கழித்துக்கட்டினேன்.

இதில் எனக்கு இன்னொரு நிம்மதியும் இருந்தது, யாரிடமும் சொல்லாத நிம்மதி. இவ்வளவு துல்லியமாக ரெகே கேட்கிறவன் காதில் கோளாறு இருக்க முடியுமா? ரெகே பாடகர்களை எனக்குச் சாட்சி சொல்ல நிறுத்திவைத்திருந்தேன்.

அந்தப் பட்டைத் துணிக்கு நான் ஒரு சட்டம் வைத்திருந்தேன். நடுவில் மெஷினை நிறுத்தினால் நிறுத்திய இடம் துணியில் தழும்பாகத் தெரியும். ஆகவே என்னைக் கேட்காமல் யாரும் நிறுத்தக் கூடாது. அதை ஓட்டியவர் ஒடிசாக்காரர். நாற்பது வயது இருக்கும், எட்டு வருஷமாக எங்கள் யூனிட்டில் ஆபரேட்டர். ஒரு நாள் மத்தியானம் பார்த்தால் ஐந்து ரோல் முழுக்கக் கோடு. காலையிலிருந்து நான் இரண்டு மெஷின் தள்ளித்தான் நின்றிருந்தேன். முதலாளி வந்து, "என்னாச்சுங்க?" என்று கேட்டார்.

"இவரு கவனிக்கலீங்க" என்று சொன்னேன்.

அந்த மனிதர் கோடு விழுந்த ரோல்களைத் தூக்கி ஓரமாக வைத்தார். மறுநாள் அவரை மெஷினிலிருந்து எடுத்து நூல் கோன் மூட்டை சுமக்கிற வேலைக்குப் போட்டார்கள். எட்டு வருஷத்து ஆபரேட்டருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சாயங்காலம் பஸ்ஸில் ஏறி, கட்டைக் குரல்காரரைப் போட்டு, எல்லாம் சரியாகத்தான் கேட்கிறது என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, என் மனைவி குழந்தைச் சட்டைகளைக் குவித்துவைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். வீட்டிலிருந்தபடி அவள் செய்யும் வேலை அது. ஸ்பீக்கரில் ரெகே போட்டேன். முதல் தரமெல்லாம் பாடி முடிய, போன் அதுவாகவே நான் கழித்துக்கட்டியவளைப் போட்டது. மாற்றக் கை நீட்டினேன்.

"மாத்தாதீங்க. என்னமா பாடுதா இந்தப் பிள்ளை! பாசை ஒண்ணும் புரியல, ஆனா மனசு என்னமோ பண்ணுது."

"எங்க பாடுறா? மியூசிக்தான வருது?"

அவள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பாடிக்கிட்டுத்தான் இருக்கா. இப்பவும் பாடுதா."

ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தேன். பேஸுக்கும் ட்ரம்முக்கும் பின்னால் மெல்லிசாக ஏதோ இழைந்தது. குரல் என்று யாராவது சொன்னால்தான் குரல். என் மனைவியைக் கலங்க வைத்தது அதுதான்.

"ரெண்டு வருசமா நான் உங்ககிட்ட கத்திக் கத்திப் பேசுதேன்" என்றாள் அவள். "பக்கத்து வீட்டுக்காரி, தெனமும் என்னக்கா சண்டைன்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

சட்டைப்பையிலிருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். நான் முதல் தரம் கொடுத்தவர்கள் எல்லாம் என் காதில் மிச்சம் இருந்த பாதிக்கு, கனத்த சத்தம் மட்டும் கேட்கிற பாதிக்கு, எட்டியவர்கள். அந்தப் பாடகி என்ன பாவம் செய்தாள்? பிறகு கோன் சுமக்கிற மனிதரை நினைத்தேன். அதற்குமேல் அன்றைக்குப் பாட்டு ஓடவில்லை.

திங்கட்கிழமை காலை, அவர் மூட்டையை இறக்கும்வரை காத்திருந்து சொன்னேன்.

"அன்னைக்கு ஊசி உடைஞ்சது எனக்குக் கேக்கல. என் காதுதான் போச்சு. உங்க மேல தப்பு இல்ல."

"தெரியும்ணா" என்றார். "எனக்குக் கேட்டுச்சு. உங்களக் கூப்டேன். ரெண்டு வாட்டி கூப்டேன். நீங்க அந்தப் பக்கம் பாத்து நின்னீங்க, திரும்பல. ஓடுற மெஷின விட்டுட்டு வர முடியல. கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னது."

"அதை மொதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, பிட்டருக்குக் காது கேக்கலன்னு சொல்லணுமே அண்ணா. அப்புறம் உங்களுக்கு வேலை?"

வெட்கம் என்றால் என்னவென்று ஐம்பத்திரண்டு வயதில் தெரிந்துகொண்டேன். அவரையும் கூட்டிக்கொண்டு முதலாளி அறைக்குப் போய், எங்கள் இருவருக்கும் இடையே நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். முதலாளி கணக்கு நோட்டை மூடிவைத்தார். "மொதல்ல காதக் காட்டுங்க. மத்தது அப்புறம் பேசிக்கலாமுங்க" என்றார். அந்த 'மத்தது' என் வேலைதான் என்பது எனக்குப் புரிந்தது.

முதலாளியிடம் கேட்டுக்கொண்டு, பட்டை மெஷினுக்கு ஒடிசாக்காரரைத் திரும்ப அழைத்துவந்தேன்.

"இனிமே உங்களுக்குக் கேட்டா நீங்களே நிறுத்துங்க. என்னைக் கூப்பிடவேண்டாம்" என்றேன்.

பதினொரு மணி இருக்கும், திடீரென்று மெஷின் நின்றது. எனக்கு ஒன்றும் கேட்டிருக்கவில்லை. கிட்டப் போனேன். உடைந்த ஊசியை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினார்.