மாயாண்டியின் கச்சான் தோட்டமும் காது கிழிந்த தாட்டானும்

ஜெயபுரத்துக் குரங்குகளைப் பற்றி மாயாண்டிக்குத் தெரியாதது இல்லை. அதனாலோ என்னவோ, அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பன்னிரண்டு வருடமாக அரை ஏக்கர் கச்சான் கடலைக்குக் காவல் இருக்கிறார். மற்றவர்கள் பட்டம் வாங்கப் படிப்பதை, இவர் தகரம் தட்டிக்கொண்டே பார்த்து முடித்துவிட்டார்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு தாட்டான் இருந்தது. காது கிழிந்த பெரிய ஆண் குரங்கு. பெட்டைகள் எல்லாம் அதற்கே; வேறு ஆண் எட்டிப் பார்த்தால் கடித்துத் துரத்தும். காட்டோர வரிசைக் கச்சானை மாயாண்டி அவற்றுக்கென்றே விடுவார். தின்றுவிட்டு அது குடும்பத்தோடு திரும்பிவிடும்.

விவசாயிகள் சங்கத் தலைவர் ஐயாத்துரைக்கு நடவடிக்கை எடுக்காவிட்டால் தூக்கம் வராது.

"தலைவனைப் பிடிச்சால் மற்றதுகள் தானாய் ஓடும்," என்றார் சங்கக் கூட்டத்தில்.

"வேணாங்கய்யா. இது போனா வெளி ஆம்பிளைங்க வந்துரும். குட்டியெல்லாம் கொன்னுரும்," என்றார் மாயாண்டி.

"குரங்குகளுக்கும் நீர்தான் சட்டத்தரணியோ?"

கூட்டம் சிரித்தது. வாழைக்குலை வைத்த இரும்புக் கூட்டில் தாட்டான் அகப்பட்டது. லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றி, வழக்கப்படி அடுத்த ஊர்க் காட்டில் விட்டார்கள். அடுத்த ஊரார் தங்கள் குரங்குகளை எங்கே விடுகிறார்கள் என்று எவரும் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் மூன்று புதிய ஆண்கள் வந்தன. அவை தமக்குள் அடிபடத் தெரிவுசெய்த மைதானம் மாயாண்டியின் தோட்டம். ஒன்பது நாளில் பாதிக் கச்சான் போனது. வென்ற குரங்கு, பால்குடிக் குட்டிகளைத் தேடித்தேடிக் கடித்துக் கொன்றது. செத்த குட்டியை இரண்டு நாள் தூக்கித் திரிந்த தாய், சில கிழமையில் அதே கொலைகாரனோடு சேர்ந்தது. மாயாண்டியின் மனைவி பேச்சியம்மா காறித் துப்பினாள்.

"அதுக்கு வேற என்ன வழி இருக்கு," என்றார் மாயாண்டி.

இப்போது புதிய தாட்டான் ஆட்சி. பெட்டைகள் வயிற்றில் குட்டிகள். மாயாண்டி திரும்ப விதைத்து, ஓர வரிசையையும் விட்டிருக்கிறார். இவனும் போனால் இன்னொரு ஒன்பது நாள் சண்டை. அதோடு தோட்டமும் போய்விடும்.

போன கிழமை சங்கம் கூடியது.

"புதுத் தலைவனையும் பிடிக்கவேணும். எது எண்டு உமக்குத்தான் தெரியும், காட்டும்," என்றார் ஐயாத்துரை.

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சங்கம் அவரிடம் ஒன்று கேட்டது. மாயாண்டி எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, கூசாமல் பொய் சொன்னார்.

"இப்ப அதுகளுக்குத் தலைவரே இல்லீங்கய்யா. அதனாலதான் நிம்மதியா இருக்குதுங்க."