கரமனையில் என் பெயரில் ஒரு புகார்

ஞாயிறு, காலை 6.10. வள்ளியூர் பேருந்து நிலையம்.

சாமி கும்பிடத் திருவனந்தபுரம் போகிறவர்கள் உண்டு. மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. நான் போனது வயிற்றெரிச்சலால். நாகரிகமாக வேறு பெயர் வைக்கலாம்தான். எங்கள் அறக்கட்டளைச் செயலாளர் அதற்கு 'பார்வையிடல்' என்று பெயர் வைத்துப் பயணச் செலவுக்குக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

விஷயம் இதுதான். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சாக்பீஸ் பிடித்து ஓய்வு பெற்றவள் நான். ஆறு வருடமாக வள்ளியூரில், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறேன். ஒரு கட்டத்தில் நாற்பது பேர் வந்தார்கள். இப்போது ஒன்பது பேர். வருடக் கடைசியில் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுப்பேன். அதில் அழுகிற முகத்தில் ஆரம்பித்துச் சிரிக்கிற முகம் வரை ஐந்து முகங்கள். வகுப்பு எப்படி என்பதற்கு ஒரு முகத்தில் குறி போட வேண்டும். ஆறு வருடமும் எல்லோரும் சிரிக்கிற முகத்தில்தான் குறி போட்டார்கள். "எல்லாரும் சிரிக்காங்க, ஆனா ஆளைத்தான் காணோம்" என்றார் செயலாளர். வகுப்பைத் தொடர்வதா மூடுவதா என்று வருகிற வியாழக்கிழமை கமிட்டி முடிவு செய்யும். அதற்கு முன் நான் ஓர் அறிக்கை கொடுத்தாக வேண்டும்.

இந்த நேரம் பார்த்துத்தான் லலிதாவிடமிருந்து போன் வந்தது. மதுரையில் ஒரு பயிற்சி முகாமில் பழக்கமானவள். கரமனைக்காரி, அரசாங்க அலுவலகத்தில் கணக்கு பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள். பாடம் நடத்துவது எப்படி என்று என்னிடம் கேட்டுக் குறிப்பு எடுத்துக்கொண்டவள். அங்கே கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்திருக்கும் நம் ஊர் ஆட்களுக்கு ஞாயிறுதோறும் வகுப்பு நடத்துகிறாளாம். உட்கார இடம் போதவில்லையாம். "உங்க ஊர் பேச்சியம்மாகூட நம்ம கிட்டேதான் வரா, கேட்டேளா" என்றாள்.

பேச்சியம்மாள் என் மாணவி. பதினாலு மாதம் படித்துவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனவள். என் இலையில் சாப்பிட மறுத்தவள் பக்கத்து வீட்டுப் பந்தியில் போய் உட்கார்ந்ததுபோல் இருந்தது எனக்கு.

காலை 7.20. நாகர்கோவில், வடசேரி.

இங்கிருந்து திருவனந்தபுரம் அறுபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். கேரள அரசுப் பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தது. டிக்கெட் தொண்ணூற்றிரண்டு ரூபாய். கரமனை என்றதும் கண்டக்டர், "பாலம் கழிஞ்ஞா ஸ்டாப். ஞான் விளிச்சுத் தராம் அம்மா, உறங்கிக்கோ" என்றார். உறக்கம் எங்கே வந்தது? தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று ஊர்கள் கடந்துகொண்டே இருந்தன. நான் மடியில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு, லலிதாவின் வகுப்பில் என்னென்ன குறை இருக்கக்கூடும் என்று போகும் முன்பே பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். பார்வையிடப் போகிறவள் செய்யக்கூடாத வேலை என்று எனக்கே தெரியும்.

எல்லை தாண்டியதும் பலகைகளெல்லாம் மலையாளமாகிவிட்டன. பாறசாலையில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் செல்போனில் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடித்தாள். எனக்கு ஓர் எழுத்தும் படிக்கத் தெரியவில்லை. நெய்யாற்றின்கரையில் வண்டி நின்றபோது எந்த ஊர் என்று அவளிடம்தான் கேட்டேன். எழுத்தறிவிக்கும் ஆசிரியை கேட்கிற கேள்வி!

காலை 9.55. கரமனை.

ஆற்றுப் பாலம் கடந்ததும் கண்டக்டர் சொன்னபடியே கூப்பிட்டு இறக்கிவிட்டார். லலிதா குடையோடு நின்றிருந்தாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பார்த்தால் பத்து வயது இளையவள். அதுவும் எரிச்சல்தான்.

"வாங்கோ டீச்சர், யாத்திரை சுகமா இருந்துதா? ஆத்துக்குப் போய் ஒரு காப்பி குடிச்சுட்டுப் பின்னே எல்லாம் பேசலாம்."

அக்ரஹாரத் தெருவில் அவள் வீடு. குறுகலாக ஆரம்பித்து, ரயில் பெட்டிபோல் உள்ளே உள்ளே போகிறது. மதியம் பருப்பும் தேங்காயும் சேர்த்த மொளகூட்டலும் பொரித்த பப்படமும் போட்டாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே பஜனை மடம் இருந்தது. நல்ல விசாலமான கூடம், மின்விசிறிகள், பாய்கள். வகுப்பு இங்கேதான் என்று நினைத்து, 'எனக்கு இப்படி ஓர் இடம் கிடைத்திருந்தால்' என்று உள்ளுக்குள் புகைய ஆரம்பித்தேன்.

"முதல்லே இங்கேதான் ஆரம்பிச்சேன்" என்றாள் லலிதா. "மூணு மாசம் நாலே பேர் ஆக்கும். நானும் வெறுதே உக்காந்துண்டிருந்தேன். பின்னே வராதவா தங்கற இடத்துக்கெல்லாம் நானே போனேன். ஏன் வரலைன்னு கேட்டா வேலைன்னு சொல்லுவா. அதனாலே அதைக் கேக்கலை. நான் எதை மாத்தணும்னு கேட்டேன். ஒரு கொத்தனார் சொன்னார், 'இந்தத் தெருவுக்குள்ள செருப்போட நடக்கலாமா கூடாதான்னே தெரியல மாமி, கூச்சமா இருக்கு'ன்னு. மறு வாரமே இடத்தை மாத்தியாச்சு."

நின்றுபோன முப்பத்தோரு பேரில் ஒருத்தி வீட்டுக்குக்கூட நான் போனதில்லை. பேச்சியம்மாள் நின்றபோது, நன்றி கெட்டவள் என்று நினைத்ததோடு சரி.

பிற்பகல் 3 மணி. வகுப்பு.

கடைத்தெருவில் ஒரு தையல் கடைக்கு மேலே உள்ள அறை அது. படிக்கட்டு செங்குத்து, கைப்பிடியும் இல்லை. வாசல் வரை செருப்புகள் கிடந்தன. உள்ளே பெண்களும் ஆண்களுமாக, முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சுவர் முழுக்க நீளமான கரும்பலகை. அதன் பாதியில் பேருந்துப் பலகைகளில் வரும் மலையாள ஊர்ப் பெயர்கள். மறு பாதியில் கோணல்மாணலான தமிழில் வாக்கியங்கள். அந்தப் பாதிதான் புகார்ப் பலகை. வகுப்பில் எது சரியில்லை என்று தோன்றுகிறதோ அதை அவரவரே எழுத வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் கேட்டுக் கேட்டு எழுத வேண்டும். அன்றைக்கு எல்லோரும் படிக்கும் பாடமும் அதுதான். குறை தீரும்வரை அது பலகையில் இருக்கும். எழுதியவர் மட்டுமே அழிக்கலாம். லலிதாகூட அழிக்கக் கூடாது.

நான் நோட்டைத் திறந்தேன். 'படிக்கட்டு ஆபத்து' என்று ஆசையாக எழுதிவிட்டு நிமிர்ந்தால், பலகையில் முதல் வரி: 'படி ரொம்ப செங்குத்து. கயிறு கட்டணும்.' அடுத்து, 'மாமி வேகமா பேசுறாங்க' என்று எழுதப் போனேன். அதுவும் அங்கே இருந்தது. குறை சொல்லக்கூட எனக்கு இடம் வைக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் பேச்சியம்மாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"வாங்க டீச்சர். எப்ப வந்திய? நல்லா இருக்கியளா?"

"நீதான் சொல்லாம ஓடிட்டியே. ஏன் நின்ன?"

"வேலைதான் டீச்சர். வேற என்ன?" சிரித்தாள். என் தாளில் அவள் குறி போட்ட முகத்தில் இருந்த அதே சிரிப்பு.

அப்போது லலிதா என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்தாள். "டீச்சர் ஆறு வருஷமா கிளாஸ் எடுக்கறா. நாமெல்லாம் அவா கிட்டேர்ந்து கத்துக்கணும். உங்க கிளாஸ் நன்னா நடக்கறதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறேள்னு சொல்லுங்கோ டீச்சர்."

அவள் நல்ல மனதோடுதான் கேட்டாள். என் காதில் அது சவாலாக விழுந்தது. வாய் சும்மா இருக்குமா? செல்போனை எடுத்தேன். என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. போன வருட ஆண்டு விழாவுக்காக நான் செய்த ஆளுயரப் பதாகை. அதன் இடது பக்கம் பெரிதாக ஒரு கைநாட்டு. கீழே 'முதல் நாள்'. வலது பக்கம் அழகான ஒரு கையெழுத்து. கீழே 'பத்தாம் மாதம்'. நடுவில் அந்தப் பெண்ணின் புகைப்படமும் பெயரும். பார்த்தவர்களெல்லாம் கை தட்டினார்கள். எங்கள் அறிக்கைக்கு அதுதான் அட்டைப்படம். அதில் இருந்தது பேச்சியம்மாள்.

போனை உயரத் தூக்கிப் பிடித்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை காட்டினேன். "இங்க உக்காந்திருக்காளே, உங்க பேச்சி, அவளேதான். கைநாட்டு வச்சவளை நான்தான் கையெழுத்துப் போட வச்சேன்" என்றேன். 'நான்தான்' என்பதை அழுத்திச் சொன்னேன். லலிதா காதில் விழ வேண்டும் அல்லவா?

ஒருவரும் கை தட்டவில்லை. பேச்சியம்மாள் தலையைக் குனிந்து முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்களின் கால்களைத் தாண்டிப் பலகைக்குப் போனாள். சாக்பீஸை எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக எழுத ஆரம்பித்தாள். இடையில் ஒரு தடவை மட்டும் நின்று, பக்கத்தில் இருந்த கொத்தனாரிடம் ஏதோ ஓர் எழுத்தைக் கேட்டாள். எழுதி முடிக்க ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

'யாருக்கும் தெரிய கூடாதுன்னுதான் படிக்க வந்தேன். டீச்சர் ஊருக்கே காட்டிட்டாங்க.'

எழுத்துப் பிழை ஒன்று இருந்தது. பழக்க தோஷம், திருத்த என் கை எழுந்தது. மடியில் போட்டு அமுக்கிக்கொண்டேன்.

வழக்கப்படி வகுப்பு அதைச் சேர்ந்து படித்தது. இத்தனை பேர் குரலில் அந்த இரண்டு வரியைக் கேட்டுக்கொண்டு, என் முகத்தில் ஈயாடாமல் உட்கார்ந்திருந்தேன். பேச்சியம்மாள் உட்காராமல் பலகை ஓரமாகவே நின்றாள்.

"எம் மவ கல்யாணத்துல நாலு பேருக்கு முன்னால கையெழுத்துப் போடணும்னுதான் டீச்சர் வந்தேன்" என்றாள் மெல்ல. "சம்பந்தி வீட்டுல எனக்குப் படிப்புத் தெரியும்னுதான் நெனச்சிருந்தாவ. நீங்க மாட்டுன படம் வாட்சாப்புல அவுகளுக்கும் போயிருச்சு. நிச்சயத்தன்னைக்கு அந்தம்மா எல்லாருக்கும் முன்னால கேக்கா, 'கைநாட்டாமே நீங்க'ன்னு. எம் மவ அழுதுட்டா. பொறவு எப்படி டீச்சர் வாரது? எம் மதினி, மேலத்தெரு சுடலி, அவளும் அதுக்குத்தான் நின்னா. அடுத்த வருசம் அவ படத்தப் போடுவியளோன்னு பயம்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே பேச்சி."

"அஞ்சு மூஞ்சிதான தந்திய டீச்சர், அதுல எங்க எழுத?"

லலிதா நடுவில் வந்தாள். எனக்காகச் சங்கடப்பட்டாள். விருந்தாளி ஆயிற்றே! "எல்லாரும் வாசிச்சாச்சு. டீச்சர் கேட்டுட்டா. இனி அழிச்சுடலாமோ பேச்சி?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். "இப்ப வேண்டாம் மாமி" என்றாள்.

மாலை 5.40. கரமனை நிறுத்தம்.

வழியனுப்ப லலிதாவோடு பேச்சியம்மாளும் வந்தாள். தூரத்தில் வரும் பேருந்தின் நெற்றியைப் பார்த்து, "அது பாறசாலை வரைக்கும்தான், ஏறாதிய. பின்னால வாரது நாரோயில்" என்றாள். எனக்குப் புரியாத எழுத்தை அவள் படித்துச் சொல்ல, நான் கேட்டு நாகர்கோவில் வண்டியில் ஏறினேன். ஜன்னல் வழியாக, "நான் உன்கிட்டக் கேட்டுட்டுல்லா படம் போட்டிருக்கணும்" என்றேன். "ஆமா டீச்சர்" என்றாள். 'பரவாயில்லை' என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

பாலராமபுரம் தாண்டியதும் செயலாளர் போன் செய்தார்.

"பாத்தாச்சா டீச்சர்? அவுக எப்படி நடத்துதாங்க? நம்ம வகுப்ப மூடிரலாமா?"

"அந்தப் பதாகைய ஆபீஸ்ல இருந்து இன்னைக்கே எடுத்துருங்க. அட்டைப்படத்தையும் மாத்தணும். வியாழக்கிழமை ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாம், ஒரு மாசம் தாங்க. நின்னுபோன முப்பத்தோரு பேர் வீட்டுக்கும் நான் போகணும்."

"எல்லாரும் நல்லா இருக்குன்னுதான எழுதிக் குடுத்திருக்காவ?"

"அவங்க எழுதல. குறிதான் போட்டாங்க."

களியக்காவிளையில் வண்டி பத்து நிமிடம் நின்றது. பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். பலகைகள் தமிழாகிவிட்டன, எல்லாவற்றையும் படிக்க முடிந்தது. நோட்டில் காலையில் போட்ட பட்டியலைக் கிழித்துவிட்டு, மேலத்தெரு சுடலியின் பெயரை முதலில் எழுதினேன்.

திருந்திவிட்டேன், மனம் தெளிந்துவிட்டது என்றெல்லாம் எழுத ஆசைதான். பொறாமை குறையவில்லை. காலையில் லலிதாவுக்குச் சேர்ந்த கூட்டத்தை நினைத்து எரிந்தேன். திரும்பும்போது வேறொன்றை நினைத்து எரிந்தேன். என்னிடம் இருந்த பதினாலு மாதமும் பேச்சியம்மாள், நான் விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். லலிதாவிடம் போய் ஆறு மாதம்தான் ஆகிறது. என்னை உட்காரவைத்து, என்னைப் பற்றியே எழுதிவிட்டாள்.