தலைவருக்குப் பிரஷர் பார்த்த காலம்

போர்க்காலத்தில் நான் இராணுவ டொக்டர். நாட்டுத் தலைவரின் உடம்பைப் பார்க்கும் பொறுப்பு என்னுடையது. தலைநகரில், வெள்ளவத்தையில் இருந்த என் வீட்டு வாசலுக்கே அவருடைய வாகனம் வரும். தமிழன் ஒருவனை அந்த வேலைக்கு எடுத்தது என் திறமைக்காக என்றுதான் நெடுநாள் நம்பியிருந்தேன்.

பிரஷர் பார்க்குமுன் ஆளைச் சிறிது நேரம் பேசாமல் இருக்கவிட வேண்டும். மருத்துவம் படிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விதி அது. அவரோ வெளிநாட்டு விருந்தினர் வந்திருக்கும்போதுதான் என்னைக் கூப்பிடுவார். பேசிக்கொண்டே சட்டைக் கையை மடித்து நீட்டுவார்.

"என் உயிரே ஒரு தமிழரின் கையில் இருக்கிறது. இனப்பிரச்சினை எங்கே?"

விருந்தினர் சிரிப்பார்கள். அப்படி எடுத்த அளவு வைத்தியத்துக்கு உதவாது. அவருக்கு உதவியது.

ஒருநாள் வெள்ளவத்தையில் நடந்த இராணுவச் சுற்றிவளைப்பில், என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த தங்கையின் மகனைப் பிடித்துப்போனார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாண முகவரி, வேறு குற்றமில்லை. தங்கை கொட்டாஞ்சேனையிலிருந்து ஓடிவந்தாள்.

"மாமா பெரிய டொக்டர் எண்டு சொன்னவனாம், அண்ணை. சிரிச்சுப்போட்டு ஜீப்பில ஏத்தினவங்களாம்."

"நான் பார்க்கிறன்."

"பார்க்க வேண்டாம், கேளுங்கோ. நாளைக்கும் அந்த மனிசன்ர கையைப் பிடிக்கத்தானே போறியள்?"

"ஓம், கேட்கிறன்."

மறுநாள் தொலைக்காட்சிக் கமராக்களும் வந்திருந்தன. அவர் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினேன். அவரே என் பக்கம் திரும்பினார்.

"டொக்டர், வெள்ளவத்தையில் உங்கள் ஆட்களுக்கு ஏதாவது பிரச்சினையா?"

நானாகப் பேச்செடுக்கத் தேவையில்லாமல், மருமகனுக்காகக் கேட்கும் வாய்ப்பு என் மடியில் வந்து விழுந்திருந்தது.

"ஒரு பிரச்சினையும் இல்லை, சேர்" என்றேன்.

பதில் தெரிந்தே கேட்டாரே என்று இன்றும் கொதிக்கிறது. என்னை அவர் சரியாக அளந்து வைத்திருந்தார், பட்டி எதுவும் இல்லாமலே.

செய்தியில் அதைத் தங்கை பார்த்தாள். மருமகன் இரண்டு வருடம் கழித்து வெளியே வந்தான், ஒரு காது கேளாமல். "மாமா பாவம், என்ன செய்யிறது" என்றானாம். தங்கை அப்படி எதுவும் சொல்லவில்லை.

இப்போது அவளுக்கும் பிரஷர். ஜிந்துப்பிட்டியில் ஒரு டிஸ்பென்சரியில் வரிசையில் நின்று காட்டுகிறாள். போன மாதம் என் கருவியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். தேத்தண்ணி தந்தாள். பட்டியை வெளியே எடுத்ததும் சேலைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டாள்.

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, சேர்" என்றாள்.