வாயைத் திறக்காத கோமதி

காலையில் கிழக்கேகோட்டையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது கோமதியின் கணவர் அழைத்தார். "அவ போயிட்டா சார்" என்றார். மாரடைப்பு. நான் ஏற வேண்டிய பஸ் வந்து போனது, அடுத்ததும் போனது.

எச்.ஐ.வி. பரிசோதனை மையத்தில் அவர் ஆலோசகர், நான் ரத்தம் எடுப்பவன். அவரோடு பழகியவர்கள் அவருடைய பேச்சைத்தான் சொல்வார்கள். எனக்கு அவர் பேசாமல் இருந்த சில வாரங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. அப்போது மையத்துக்கு வந்த ஓர் இளைஞனைப் பற்றியது அது; அவன் சம்மதத்தோடு, பெயரில்லாமல் எழுதுகிறேன். அவனுடைய அம்மா இப்போது உயிரோடு இல்லை.

கோமதிக்குத் தெரிந்த குடும்பத்து இளைஞன் அவன். தொற்று உறுதியானபோது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"கல்யாணம் முடியட்டும், மெதுவாச் சொல்லிக்கறேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்" என்றான்.

"அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா அந்தப் பொண்ணுகிட்ட சொல்லாம நீ தாலி கட்டக் கூடாது."

எழுந்து போனவன் பிறகு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. "சொல்லாமலே கட்டிட்டான்னா?" என்று கேட்டேன். "சொல்லுவான்" என்றார் கோமதி. ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வலியசாலையில் அவர் வீட்டில் இருந்தேன். அவனுடைய அம்மா வந்தார்.

"கோமதி, என் பிள்ளை உங்க ஆஸ்பத்திரிக்கு வந்தானாமே. என்னவாம் அவனுக்கு?"

"மாமி, அங்க யார் வந்தான்னு நான் சொல்றதில்லை. எங்க ஆத்துக்காரர் வந்தாலும் சொல்ல மாட்டேன்."

"வரலைன்னாவது சொல்லேன்."

கோமதி அதையும் சொல்லவில்லை.

கல்யாணப் பத்திரிகையும் வந்துவிட்டது. அதன் பிறகுதான் அவன் அந்தப் பெண்ணை மையத்துக்கு அழைத்து வந்தான். உள்ளே நடந்ததைப் பின்னால் அவனே என்னிடம் சொன்னான். அவன் விஷயத்தைச் சொல்லி முடித்ததும், விடாமல் மருந்து சாப்பிட்டு ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால் உடலுறவில் பரவாது என்றும், அதுவரை பாதுகாப்பு வேண்டும் என்றும் கோமதி விளக்கினார். அவள் அவனிடம் ஒன்றுதான் கேட்டாள்: "இவா சொல்லச் சொல்லலைன்னா, எங்கிட்ட சொல்லியிருப்பியா?"

"தெரியலை" என்றான்.

அவள் தனியாக வெளியே வந்தாள். கல்யாணத்தை நிறுத்தினாள், பிடிக்கவில்லை என்பதற்கு மேல் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோமதிதான் கலைத்தாள் என்று அந்த அம்மாள் கடைசிவரை நம்பினார். "திட்டட்டும். அவன் மாத்திரையை விடாமச் சாப்பிடறான்" என்பார் கோமதி.

தொற்று என்று தெரிந்தவர்களிடம் எல்லோரும் 'எப்படி வந்தது?' என்றுதான் கேட்கிறார்கள். கோமதி, "இதை யார்கிட்ட உங்களால சொல்ல முடியும்?" என்று கேட்பார். சொல்ல ஓர் ஆள் இருந்தால் மருந்தை விட மாட்டார்கள், மறைத்து இன்னொருவருக்குத் தொற்றைக் கொடுக்கவும் மாட்டார்கள் என்பது அவர் நம்பிக்கை. அவருடைய நாற்காலி காலியாக இருக்கும் இந்த நாட்களில் நானும் அதையே கேட்கிறேன். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.