பாடுபவர் இல்லாத பாட்டு

மாடிப்படியின் அடியில், ஒரு மேசையும் இரண்டு முக்காலிகளும் மட்டுமே கொள்ளும் கடை அது. அதை நடத்துபவளுக்கு இடக்காது பிறவியிலிருந்தே கேட்காது. ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்க அவள் உட்கார்ந்த நாளிலேயே தெரு அவளுக்கு 'அரைக்காது' என்று பெயர் சூட்டிவிட்டது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ள இடம் ஏது என்பாள்.

அன்று காலை ஓர் அக்காளும் தங்கையும் வந்தார்கள். தங்கைக்குக் கண்பார்வை இல்லை. மூன்று நாளில் வேலைக்கான தேர்வு. பாடங்களை எல்லாம் அக்காள் நான்கு மாதம் வாசித்து, உள்ளங்கையில் அடங்கும் பாட்டுப்பெட்டியில் பதிந்து கொடுத்திருந்தாள். வேறு பிரதி கிடையாது. பெட்டி கீழே விழுந்ததிலிருந்து பாடங்களில் குரலே இல்லை. பதிவுகள் கெட்டுவிட்டன, எல்லாவற்றையும் அழித்தால்தான் பெட்டி தேறும் என்று வேறொரு கடையில் சொல்லிவிட்டார்களாம். அழிக்கலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தார்கள்.

அரைக்காது திருப்புளியைத் தொடவில்லை. பெட்டியில் பாட்டு ஏதும் உண்டா, அது கேட்கிறதா என்று விசாரித்தாள்.

"கேக்குது. ஆனா பாடுறவரக் காணோம். வாத்தியக்காரங்க மட்டும் வாசிச்சுக்கிட்டு இருக்காங்க," என்றாள் தங்கை.

அரைக்காதுக்குப் பெட்டியின் நோய் பிடிபட்டுவிட்டது. வாத்திய ஒலி இரு காதுக்கும் வெவ்வேறாகப் பிரிந்து வரும். குரலோ இரண்டுக்கும் ஒன்றுபோல வரும். இரண்டுக்கும் பொதுவான இணைப்பு அறுந்தால், ஒன்றுபோல வருவது தன்னைத்தானே அடித்துக்கொண்டு மறையும். ஆயினும் அவசரப்படாமல், பெட்டியில் செருகியிருந்த தங்கையின் காதொலிக்கருவியைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதைச் செருகிப் பார்த்தாள். அதிலும் குரல் இல்லை. ஆக, குற்றம் பெட்டியில் அதைச் செருகும் துளையில்தான்.

"எதையும் அழிக்காதீங்கம்மா. குரல் உள்ளதான் இருக்கு. வெளிய வர்ற வழிதான் உடைஞ்சிருக்கு."

மூடியைக் கழற்றினாள். துளையின் உலோகக் கால் ஒன்றின் அடியில், பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரியும்படி, மயிரிழை போல் ஈயம் விண்டிருந்தது. பழைய ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தாள். வலக்காதில் கேட்டுப் பார்த்தபின் தங்கையிடம் நீட்டினாள்.

தங்கை இரு காதிலும் மாட்டிக்கொண்டாள். பிறகு சிரித்தாள். "எட்டாவது பாடம். அக்கா, நடுவுல நீ மாமாவ அடுப்ப அணைக்கச் சொல்லித் திட்டுற."

அதை மட்டும் அழிக்க முடியுமா என்று அக்காள் மெல்லக் கேட்டாள்.

அரைக்காது இன்னும் மூடியைப் பூட்டவில்லை. திருகாணிகள் அவள் உள்ளங்கையிலேயே இருந்தன. "வலது பக்கம் நானே கேட்டுட்டேன். இடது பக்கத்த நீங்கதான் சொல்லணும்."

"இடதுலயும் அதே திட்டுதான்."

அதன்பின்தான் முதல் திருகாணி ஏறியது.